தலையில் பீஸ் உள்ள அண்ணாவுக்கு வலிப்போடு இப்போது மறதியும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

விசுவமடுத் தம்பி
தை 9, இரவு 9.10

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009 மாசியில், யுத்தத்தின்போது, அண்ணாவுக்குத் தலையில் செல் (எறிகணை) துண்டு, அதாவது பீஸ், பட்டது. அப்போது அவருக்கு 19 வயது. இடப்பக்கம், காதுக்குச் சற்று மேலே. பீஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, எடுக்கப் போனால் ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். முகாமில் இருந்த காலம் முழுக்கத் தலையிடி மட்டும்தான். 2014 இல் ஊருக்கு வந்து வீடு கட்டிக்கொண்டிருந்தபோது முதல் வலிப்பு. சீமெந்து குழைத்துக்கொண்டு நின்றவர் மண்வெட்டியோடு சரிந்தார். அன்றிலிருந்து கிளினிக், குளிசை. வருடத்தில் இரண்டு மூன்று தரம் பெரிய வலிப்பு வரும். அதற்கு வீட்டில் எல்லோரும் பழகிவிட்டோம்.

இப்போது பயம் வேறு. அண்ணா சைக்கிள், மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். காபரேற்றரை இருட்டில் கழற்றிப் பூட்டக்கூடிய ஆள். ஒன்றரை வருடமாகக் கழற்றுவதைப் பூட்டத் தடுமாறுகிறார். போன கிழமை ஒரு பைக்கின் சாமான்களைப் பேப்பரில் பரப்பி வைத்துவிட்டு அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "டேய், இதில எது முதல்?" என்று கேட்டார். எனக்கு ஸ்பானர் பிடிக்கவும் தெரியாது. ஒரு சொல்லும் வரவில்லை எனக்கு.

சாமான்களின் பெயரும் வாய்க்கு வருவதில்லை. எல்லாமே "அந்தச் சாமான்". கடன் கொடுத்தவருக்கு ஒரே காசை இரண்டு தரம் கொடுத்திருக்கிறார். சின்ன விடயத்துக்கும் கோபம். மூன்று மாதமாக நடையிலும் தள்ளாட்டம். சந்தியில் "காலையிலேயே போட்டிட்டார்" என்று கதைக்கிறார்கள். அண்ணா குடிப்பதே இல்லை.

கிளினிக்கில் ஒருவர் ஸ்கான் படத்தைப் பார்த்து "மூளை கொஞ்சம் சுருங்கிக் கிடக்கு" என்றார். அதற்கு மேல் கேட்கப் பின்னால் நின்ற வரிசை விடவில்லை. ஒவ்வொரு வலிப்பும் மூளையைத் தின்கிறதா? இது இப்படியே இறங்கிக்கொண்டு போகுமா? அண்ணாவுக்கு 35 வயது. இரண்டு பிள்ளைகள்.


ஸ்காபரோ மாமா
தை 9, இரவு 10.02

தம்பி, வாசிக்கவே கவலையாக இருக்கிறது. இங்கே குத்துச்சண்டைக்காரருக்கும் ஹொக்கி விளையாடுகிறவர்களுக்கும் தலையில் அடிபட்டு அடிபட்டு வயதுக்கு முன்னமே மறதி நோய் வருவதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். அதுவாக இருக்கலாம். ஞாபகசக்திக்கு என்று ஒரு குளிசை இருக்கிறது, மருமகனிடம் கேட்டு அனுப்பிவிடட்டா?


பழைய மிஸ்ஸி
தை 10, காலை 6.25

ஸ்காபரோ அண்ணை, அன்புக்கு நன்றி. குளிசையை மட்டும் அனுப்பாதேங்கோ. விளையாட்டுக்காரருக்கு வருவது பல தரம் திரும்பத் திரும்ப அடி வாங்குவதால் வருகிற நோய். அதை உறுதியாகச் சொல்வதே ஆள் இறந்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்துத்தான். இந்தப் பிள்ளைக்கு நடந்தது ஒரேயொரு துளைத்த காயம். இரண்டும் வேறு வேறு.

விசுவமடுத் தம்பி, நான் முப்பது வருடம் நேர்ஸாக வார்ட்டில் நின்றவள், வைத்தியர் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கழற்றியதைப் பூட்டத் தெரியாதது, பெயர் வராதது, கோபம், தள்ளாட்டம், எல்லாவற்றையும் "மறதி" என்று ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டீர்கள். சாக்கை அவிழ்த்துக் கொட்டினால்தான் எது நெல், எது கல் என்று தெரியும்.

முதலில் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். என்ன குளிசை, எத்தனை, எப்போதிருந்து? தள்ளாட்டம் தொடங்கிய மூன்று மாதத்துக்கு முன் குளிசையில் ஏதாவது மாறியதா? இரவில் எத்தனை மணித்தியாலம் நித்திரை? பெரிய வலிப்பு இல்லாத நாட்களில், ஒரு நிமிடம் ஆள் "இல்லாமல்" போகிறாரா? அதாவது கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் பதில் வராது. சமீபத்தில் விழுந்து தலையில் அடிபட்டவரா?


ஒட்டுசுட்டான் ராசன்
தை 10, காலை 7.40

வலிப்பு வரும்போது கையில் இரும்புத் திறப்பு கொடுக்கிறீர்களா? எங்கள் சித்தப்பாவுக்குக் கொடுத்தவுடன் நிற்கும். கண்ணால் கண்டது.


பழைய மிஸ்ஸி
தை 10, காலை 8.05

பெரிய வலிப்பு அநேகமாக ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கும். திறப்பைத் தேடி எடுத்துக் கொண்டுவர அதே ஒன்றிரண்டு நிமிடம் போகும். பெயர் திறப்புக்கு. கையில் இருந்தால் பெரிய கேடு இல்லை, ராசன். பல்லுக்கு இடையில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்க வேண்டாம், அதுதான் கேடு. பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். சரித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே சாரத்தையோ துவாயையோ மடித்து வையுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது தெளியாமலே அடுத்தது வந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் 2018 இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை.


விசுவமடுத் தம்பி
தை 10, இரவு 8.50

மிஸ்ஸி அக்கா, நன்றி. இன்று அண்ணியிடமும் அம்மாவிடமும் இருந்து கேட்டேன். வெட்கமாக இருக்கிறது, இதில் பாதி எனக்கே தெரியாது.

குளிசை பெனிற்றோயின். பத்து வருடமாக அதுதான். இரவில் 100 மில்லிகிராம் மூன்று. ஐப்பசியில் ஒரே நாளில் இரண்டு வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு அம்மா பயத்தில் "இன்னுமொன்று போடு" என்று நாலாக்கிவிட்டார். கிளினிக்கில் சொல்லவில்லை. மாதக் கடைசியில் குளிசை முடிந்துபோய் நாலைந்து நாள் இரண்டு இரண்டாகப் போட்டும் இருக்கிறார். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதும் இப்படித்தான் எண்ணி எண்ணிப் போட்டோம், அந்தப் பழக்கம்.

நித்திரை கேட்டீர்கள். காலபோகம் வெட்டுக்கு வரப்போகிறது. மார்கழி தொடங்கியதிலிருந்து யானைக் காவல். அண்ணா கிழமையில் நாலு இரவு பரணில். வெடி கொளுத்திக்கொண்டு விடிய விடிய முழித்திருந்துவிட்டுக் காலையில் கடை திறக்கிறார்.

"இல்லாமல் போவது" என்று கேட்டீர்களே, அதை வாசித்தவுடன் அண்ணி அழுதுவிட்டார். அண்ணா சில நேரம் துணியை எடுத்துச் சைக்கிள் ரிம்மின் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாராம். வாய் சப்புக்கொட்டும். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பிறகு "என்ன கேட்டனீ?" என்பார். யோசனையில் இருக்கிறார் என்றுதான் அண்ணி நினைத்தவர். நானும் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.


கனகராயன்
தை 10, இரவு 9.30

ஐயோ, இதேதான் எங்கள் அப்பாவுக்கும். ஏ9 வீதியில் 2017 இல் விபத்து, ஹெல்மெற் கொளுவாமல் போட்டிருந்தவர், கழன்று போய்விட்டது. ஒன்பது மாதம் கழித்து வலிப்பு. பிறகு சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்பார், விரலால் சோற்றைப் பிசைந்துகொண்டே. அம்மா "நொட்டை பிடிக்கிறார், கறி பிடிக்கவில்லை" என்று ஏசுவார். அதுவும் வலிப்பின் ஒரு வகை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் "பெரிய வலிப்பு வந்ததா" என்று கேட்கும்போது "இல்லை" என்றே சொல்லிக்கொண்டு வந்தோம். கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னோம்!


பழைய மிஸ்ஸி
தை 11, காலை 5.50

தம்பி, நீங்கள் சொன்னதில் மூன்று விடயம் பளிச்சென்று தெரிகிறது. ஒவ்வொன்றாக வருகிறேன், கோப்பி ஆறட்டும்.

பெனிற்றோயின் ஒரு தந்திரமான மருந்து. குளத்தில் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும், வான் மட்டத்தைத் தொட்ட பிறகு ஒரு மழை பெய்தாலும் பாய்ந்து கொட்டும் அல்லவா, அதேபோல. ஈரலால் அந்த மருந்தை ஓரளவுக்குத்தான் கழிக்க முடியும். அந்த அளவை எட்டிவிட்டால் 100 மில்லிகிராம் கூட்டினாலே இரத்தத்தில் அளவு எங்கேயோ போய்விடும். அப்போது வருவதுதான் தள்ளாட்டம், நாக்குக் குழறுதல், கண்மணி ஆடுதல், மந்தம். சந்தியில் கதைப்பவர்கள் சொல்வது போலவே, குடித்தவர் மாதிரி. அண்ணாவின் முரசு (பல் ஈறு) வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், நெடுநாள் இந்தக் குளிசை போடுபவர்களுக்கு வரும். ஆனால் நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. வலிப்புக் குளிசையை திடீரென்று நிறுத்தினால் விடாமல் வருகிற வலிப்பில் போய் முடியும், அது உயிருக்கே ஆபத்து. கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் நாளைக்கே போய், "நாலு போடுகிறார், தள்ளாடுகிறார்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அம்மாவை ஏசாதேங்கோ.

அடுத்தது ரிம்மைத் துடைக்கிற கதை. அது மூளையின் ஒரு பகுதியில் மட்டும் எழும்புகிற வலிப்பு. ஆள் விழ மாட்டார், நுரை தள்ளாது, ஆனால் அந்த நேரம் அவர் அங்கே இல்லை. காதுக்கு மேலே உள்ள பொட்டுப் பகுதிதான் புதிய நினைவுகளைப் பதிகிற இடம், காயமும் அங்கேதான். ஒரு நாளில் நாலைந்து தரம் அப்படி வந்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் மங்கலாக இருந்தால், காபரேற்றரின் எந்தச் சாமானை எப்போது கழற்றினார் என்று எப்படி ஞாபகம் இருக்கும்? பதியாத ஒன்றை மறக்கவும் முடியாது. வலக்கைக்காரருக்குச் சொற்களின் வேலையும் பெரும்பாலும் இடப்பக்கம்தான். "அந்தச் சாமான்" என்பது அதனாலும் இருக்கலாம்.

யானைக் காவல் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வலிப்பைக் கூப்பிட்டு எழுப்புகிற விடயங்களில் நித்திரை முழிப்பு முன்வரிசையில் நிற்கிறது. கிழமையில் நாலு இரவு முழித்தால் வலிப்பு இல்லாதவருக்கே எண்ணிய காசு பிழைக்கும்.

இனி உங்கள் முதல் கேள்வி. சின்ன வலிப்பு ஒவ்வொன்றும் மூளையைக் கடித்துத் தின்கிறது என்று சொல்ல முடியாது. நிற்காமல் நீளுகிற வலிப்பு கட்டாயம் சேதப்படுத்தும். வருடக்கணக்கில் அடங்காமல் வந்துகொண்டே இருக்கிற வலிப்பும் ஞாபகத்தைக் கீழே இழுக்கும். ஸ்கானில் சுருக்கம் என்று சொன்னது காயப்பட்ட இடத்துத் திசு கரைந்து தழும்பானதாகவும் இருக்கலாம், அது 2009 இலேயே நடந்தது. படத்தைக் காட்டி "இது பழையதா, புதிதாகக் கூடியதா?" என்று கேளுங்கள். விழுந்தவர் என்றால் மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்குகிற இரத்தம், மூளை நீர் தேங்குவது இரண்டும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.


முத்தையன்கட்டுக்காரி
தை 11, மதியம் 1.15

ஒரு கேள்வி. அம்மாவைக் கேட்டீர்கள், அண்ணியைக் கேட்டீர்கள், கனடாவில் இருக்கிற மாமாவையும் கேட்டுவிட்டீர்கள். அண்ணாவைக் கேட்டீர்களா?

கோபத்தில் எழுதவில்லை. எனக்கும் ஆறாம் வகுப்பில் தலையில் பீஸ் பட்டது. பதினைந்து வயதில் வலிப்புத் தொடங்கியது. இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். எனக்கு வலிப்பு வருவதற்கு முன் வயிற்றுக்குள் ஏதோ எழும்பி நெஞ்சுக்கு வரும், ஊஞ்சல் கீழே இறங்கும்போது வருமே, அப்படி. நாலு வருடம் நான் அதை யாருக்கும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. என்னைப் பற்றிய கேள்விகள் எல்லாம் அம்மாவிடம் போகும். நான் பக்கத்துக் கதிரையில் இருப்பேன்.

மறதியோடு வாழ்வது பற்றியும் கொஞ்சம். நான் பிள்ளைகளின் பெயரைப் பாயிலே ஒட்டி வைத்திருக்கிறேன், ஆளுக்கொரு பாய். அண்ணாவுக்கு முட்டைத் தட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள், முப்பது குழி உள்ள மட்டைத் தட்டு. கழற்றும் ஒழுங்கில் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு சாமான். பூட்டும்போது கடைசிக் குழியில் இருந்து திரும்பி வந்தால் சரி. கழற்ற முன் போனில் ஒரு படம். காசு கொடுத்தால் கொடுத்த இடத்திலேயே கொப்பியில் கையெழுத்து வாங்கட்டும்.

பெண்கள் யாராவது இதை வாசித்தால், சோடியம் வல்புரோயேற் என்ற வலிப்புக் குளிசை போடுகிறீர்கள், பிள்ளை பெறும் யோசனை இருக்கிறது என்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் கதையுங்கள். வயிற்றுப் பிள்ளைக்குக் குறைபாடு வரக்கூடிய மருந்து அது. கலியாணம் பேசும்போது ஒளித்துவிட்டுப் பிறகு தனியாகக் குளிசையை நிறுத்தி அந்தரப்பட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சொல்லித்தான் பேசினார்கள். இரண்டு சம்பந்தம் போனது, மூன்றாவது நின்றது.


ஸ்காபரோ மாமா
தை 11, இரவு 11.48

பிள்ளை, சரியான அடி. வாங்கிக்கொண்டேன்.

ஆனால் வல்லாரைச் சம்பல் நல்லது என்று நாங்கள் கேட்டு வளர்ந்தது பொய்யா?


பழைய மிஸ்ஸி
தை 12, காலை 6.10

தேங்காய்ப்பூ நிறையப் போட்டு, தேசிக்காய் விட்டுச் சாப்பிட்டால் மிக நல்லது. குளிசையை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கூடாது.


பூநகரிக் காற்று
தை 12, காலை 10.20

நான் ஒரு பல்கலைக்கழக மாணவன், மருத்துவம் இல்லை, ஆனால் இந்த விடயம் தேடி வாசித்தவன். என் மாமாவுக்கும் வலிப்பு இருக்கிறது. சில எண்களைத் தருகிறேன், ஊருக்கு வந்த காயம் எப்படிப்பட்டது என்று விளங்க.

1998 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தலைக்காயக்காரர் 4,541 பேரின் பதிவுகளைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், இலேசான காயத்துக்குப் பிறகு 30 வருடத்துக்குள் வலிப்பு வரும் வாய்ப்பு 2.1 சதவீதம், கடுமையான காயத்துக்கு 16.7 சதவீதம். அவை பெரும்பாலும் விழுதல், வாகன விபத்து. மண்டையைத் துளைத்த காயம் வேறு கணக்கு. வியட்நாம் போரில் தலையில் துளைத்த காயம் பட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 53 சதவீதம், 15 வருடத்துக்குள் வலிப்பு வந்திருந்தது. அதே ஆட்களை 35 வருடம் கழித்துப் பார்த்தபோது, வலிப்பு உள்ளவர்களில் எட்டில் ஒருவருக்கு முதல் வலிப்பே காயப்பட்டு 14 வருடத்துக்கும் மேலே கழிந்துதான் வந்திருந்தது.

2009 ஐ வைத்து எண்ணிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பீஸோடு திரிகிற எத்தனையோ பேருக்கு இன்னும் வராமல் இருக்கலாம், இனி வரவும் கூடும். "அது அப்பவே ஆறின காயம்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

அந்தச் சிப்பாய்களிடம் முப்பது வருடத்துக்குப் பிறகு அறிவுத்திறன் சோதனையும் செய்தார்கள். காயமில்லாதவர்களைவிட இறக்கம் கூடுதலாகத்தான் இருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் எவ்வளவு இறங்கும் என்பதில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம், காயத்துக்கு முன் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது அதில் பெரிய பங்கு எடுத்தது. இருட்டில் காபரேற்றர் பூட்டினவர் என்றால் கையிருப்பு கொஞ்சம் கூடத்தான் என்று நான் எடுத்துக்கொள்வேன். இது என் கணக்கு, ஆய்வு சொன்னது இல்லை.


கனகராயன்
தை 12, இரவு 7.15

எம்.ஆர்.ஐ. பற்றி யாரும் சொல்லவில்லையே. அப்பாவுக்கு அதில்தான் தழும்பு தெளிவாகத் தெரிந்தது.


பழைய மிஸ்ஸி
தை 12, இரவு 8.00

நல்ல வேளை கேட்டீர்கள். பீஸ் உள்ளவர் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குப் பக்கத்தில் போக முன் கட்டாயம் சொல்ல வேண்டும். அது மிகப்பெரிய காந்தம். உள்ளே இருப்பது இரும்பு சேர்ந்த துண்டு என்றால் அசையும், சூடாகும். முதலில் எக்ஸ்றேயில் எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும். பெரும்பாலும் சி.ரி. ஸ்கானோடு சமாளிப்பார்கள். தலையில் மட்டும் என்றில்லை, முதுகில் காலில் இருந்தாலும் சொல்லுங்கள். பதினாறு வருடத்தில் பலருக்கு உடம்பில் பீஸ் இருப்பதே மறந்துவிட்டது.

மூளையின் மின்னலைகளைப் பதிகிற ஈ.ஈ.ஜி. எடுத்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால் வலிப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். இருபது முப்பது நிமிடம் எடுக்கும்போது மூளை அமைதியாக இருந்திருக்கலாம். அதைவிட உதவுவது நீங்கள் போனில் எடுக்கிற வீடியோ. ரிம்மைத் துடைக்கும்போது எடுங்கள், முகமும் இரண்டு கையும் தெரியட்டும், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முன்னமே அண்ணாவிடம் அனுமதி கேட்டுவிட்டு, முத்தையன்கட்டுப் பிள்ளை என்னையும் ஏசும் முன்.


ஒட்டுசுட்டான் ராசன்
தை 13, காலை 9.00

எங்கள் சித்தப்பாவுக்கு வருவதில் ஒரு வித்தியாசம். ஹெலி சத்தம் கேட்டால், அல்லது மாசி பிறந்தால் அடிக்கடி வரும். கை கால் உதறும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், இருபது நிமிடம் போகும். குளிசை கூட்டியும் பலனில்லை.


பழைய மிஸ்ஸி
தை 13, காலை 9.40

ராசன், கண்ணை இறுக்கி மூடுவது, அவ்வளவு நேரம் நீளுவது, குளிசைக்குக் கேட்காதது, மூன்றையும் அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள். மனக்காயத்தில் இருந்தும் வலிப்புப் போலவே வரும். அது நடிப்பு இல்லை, அவர் வேண்டுமென்று செய்வதும் இல்லை. மனநல வைத்தியரின் உதவிதான் அதற்கு வேலை செய்யும், வலிப்புக் குளிசை செய்யாது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

தம்பி, இதை உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். மனச்சோர்வும் ஞாபகத்தைத் தின்னும். அண்ணா சிரிக்கிறாரா?


விசுவமடுத் தம்பி
தை 14, இரவு 10.30

பொங்கலுக்குக் கடை பூட்டு. இன்று மாலை அண்ணாவோடு வாய்க்கால் கட்டில் போய் இருந்தேன். முத்தையன்கட்டு அக்கா கேட்ட கேள்வி மூன்று நாளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

நேரே கேட்டேன், வலிப்பு வர முன் ஏதாவது தெரிகிறதா என்று. அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு சொன்னார், "ரப்பர் கருகிற மணம் வரும்." கடையில் ரியூப் ஒட்டுகிறவர், சூட்டு ஒட்டுப் போடுகிறவர், மணம் வருவது புதினமா? அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். எத்தனை தரம் வரும் என்று கேட்டேன். நாளுக்கு மூன்று, நாலு. பரணில் படுத்த மறுநாள் இன்னும் கூட. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியாது, கையில் துணி இருக்குமாம்.

"பரணில இருக்கேக்கையும் அந்த மணம் வந்தது, வயலுக்குள்ள எங்கால ரப்பர் எண்டு யோசிச்சனான்" என்றார். இதை யாருக்கும் சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று பயம்.

தனக்குக் குறைகிறது என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. வேலைக்கு வரும் பைக்குகளில் லேசானதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைச் "சாமான் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார், ஒரு வருடமாக. வருமானம் ஏன் இறங்கியது என்று நான் அவரிடம் கணக்குக் கேட்டுச் சண்டை பிடித்ததும் இதே ஒரு வருடத்தில்தான்.


முத்தையன்கட்டுக்காரி
தை 14, இரவு 10.41

வாய்க்கால் கட்டில் இருந்தது சரி, அவரைத் தனியே வாய்க்காலில் இறங்க விடாதேங்கோ. கிணற்றடியிலும் வாளியில் அள்ளி வைத்து இருந்து குளிக்கட்டும், கிணற்றுக் கட்டின் மேல் ஏறி நின்று வேண்டாம். குளியலறை என்றால் உள்ளே கொண்டி போடக் கூடாது. இதெல்லாம் எனக்கும் விருப்பமில்லாத சட்டங்கள்தான்.

அவர் திருத்தின பைக்கை ஓடிப் பார்ப்பாரே, அதையும் இனி நீங்கள்தான் ஓட வேண்டும்.


விசுவமடுத் தம்பி
தை 14, இரவு 10.47

எனக்கு பைக் ஓடத் தெரியும். ஸ்பானர்தான் தெரியாது.


பூநகரிக் காற்று
தை 15, காலை 8.12

ரப்பர் மணம்! புத்தகங்களில் பொட்டுப் பகுதி வலிப்புக்கு இதே உதாரணத்தைத்தான் எழுதியிருப்பார்கள். ரப்பர் ஒட்டுகிறவருக்கே வந்ததால் ஒருவருக்கும் பிடிபடவில்லை.


விசுவமடுத் தம்பி
மாசி 20, இரவு 9.05

இடையில் எழுத முடியவில்லை, வெட்டு நடந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு போனோம். நாலு குளிசைக் கதையையும் வீடியோவையும் காட்டினோம். வைத்தியர் வீடியோவை மூன்று தரம் பார்த்தார். விரலை இப்படியும் அப்படியும் அசைத்து அண்ணாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க எழுதித் தந்தார். வெளியில்தான் செய்தோம். அளவு நன்றாகவே கூடியிருந்தது. பெனிற்றோயினை மெல்ல மெல்லக் குறைத்து லெவெற்றிரசெற்றாம் என்ற வேறு வலிப்புக் குளிசை தொடங்கியிருக்கிறார்கள். அதில் சிலருக்குக் கோபம் கூடும், கூடினால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று அண்ணாவிடமே சொன்னார், என்னிடம் இல்லை. பழைய ஸ்கானையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஸ்கானில் தெரிந்த சுருக்கம் பழையதுதான், புதிதாக இரத்தமோ நீரோ தேங்கவில்லை. ஈ.ஈ.ஜி.க்குத் திகதி கிடைத்திருக்கிறது.

தள்ளாட்டம் போய்விட்டது. சந்தியில் கதைத்தவர்கள் இப்போது "குடியை விட்டிட்டார்" என்கிறார்கள், என்ன செய்வது. பெரிய வலிப்பு ஒன்று வந்தது, மாசி 2. பரணுக்கு நானும் மச்சானும் போனோம், அண்ணாவை விடவில்லை. அதற்கு அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பெயர்கள் இன்னும் வருவதில்லை, "அந்தச் சாமான்" அப்படியே இருக்கிறது. அது திரும்பாமலும் போகலாம் என்று வைத்தியர் சொன்னவர். மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் உள்ள புனர்வாழ்வுப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னவர், அடுத்த மாதம் போகிறோம்.

முட்டைத் தட்டு வேலை செய்கிறது. போன ஞாயிறு ஒரு முழு காபரேற்றர், பதினெட்டுக் குழி. நான் பக்கத்தில் இருந்து ஒன்றும் சொல்லாமல் பார்த்தேன், சொல்லவும் எனக்குத் தெரியாது.

பின்னேரங்களில் அவரே கொப்பி எழுதுகிறார். கேட்டுவிட்டுத்தான் இதைப் பகிர்கிறேன். நேற்று எழுதியது இவ்வளவுதான்:

"காலை 10. ரப்பர் மணம், கொஞ்ச நேரம். கடை பூட்டு."


கனகராயன்
மாசி 20, இரவு 9.22

அந்தத் தட்டு மட்டையா, பிளாஸ்ரிக்கா? அப்பாவின் குளிசைக்கு நானும் ஒன்று வாங்கப் போகிறேன்.


விசுவமடுத் தம்பி
மாசி 20, இரவு 9.30

மட்டை அண்ணா. எண்ணெய் பட்டு ஊறிவிட்டது, குளிசைக்கு என்றால் பிளாஸ்ரிக் பாருங்கோ.